இல்லாத சாக்கெட்டில் ஸ்கேன் செய்தார்களாம்! பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆஃப்-ரோடு வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் ஒரு மாதச் சம்பளம் முழுதாகப் போய்விட்டது. பெயர் வேண்டாம். சுவர் நிறையச் சேறு படிந்த வண்டிகளின் படங்கள், மேசைமேல் ஒரு லேப்டாப். அந்த வகைக் கடை.

வண்டி 1994ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி, 4.0 லிட்டர் பெட்ரோல் என்ஜின். நன்றாகச் சூடானதும் ஓட்டத்திலேயே அணைந்துவிடும். ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

"ஊகத்தில் சென்சார் மாற்றுகிறவர்களிடம் போகாதீர்கள் சார். ஸ்கேன் செய்யாமல் நாங்கள் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டோம்" என்றார் அங்கிருந்தவர். எவ்வளவு நியாயமான பேச்சு! அந்தப் பேச்சுக்காகத்தான் சாவியைக் கொடுத்தேன். மாலையில் வண்ணத்தில் அச்சிட்ட ரிப்போர்ட் வந்தது, மூன்று கோளாறுக் குறியீடுகளோடு: பி0118, பி0122, பி0131. கூலன்ட் வெப்பநிலை சென்சார், த்ராட்டில் பொசிஷன் சென்சார், ஆக்சிஜன் சென்சார் மூன்றும் போய்விட்டனவாம். மூன்றையும் மாற்றி, ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்.

முதல் ஏற்றத்திலேயே வண்டி மறுபடி அணைந்தது.

போன் செய்தால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." அடுத்த முறை, "எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி கிடையாது." அதற்கும் அடுத்து, "நீங்கள் தண்ணீரில் இறக்கியிருப்பீர்கள்." பிறகு முதலாளி வெளியூர் போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை. கழற்றிய பழைய சென்சார்களைக் கேட்டால் குப்பையில் போட்டாயிற்று என்கிறார்கள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். 'பி' என்று தொடங்கும் அந்தக் குறியீடுகள் ஓபிடி-2 முறைக்கு உரியவை; அதாவது, ஸ்கேனரைச் செருகி வண்டியின் கம்ப்யூட்டரிடமிருந்து கோளாறுகளைப் படிக்கும் பொது முறை. அமெரிக்காவில் அது கட்டாயமானதே 1996 மாடலிலிருந்துதான். என் வண்டியில் அந்த ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்டே கிடையாது! பிறகு எதில் எதைச் செருகி அந்த ரிப்போர்ட்டை எடுத்தார்கள்?

இந்த மாடலில் கோளாறு பார்க்க லேப்டாப்பே தேவையில்லை. இக்னிஷன் சாவியை 5 விநாடிக்குள் ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று திருப்பினால் செக் என்ஜின் விளக்கு கண் சிமிட்டியே சொல்லிவிடும். சிமிட்டல்களை எண்ணினால் குறியீட்டு எண். எனக்கு வந்தவை 12, 11, கடைசியில் 55. 12 என்றால் அண்மையில் பாட்டரி இணைப்பு கழற்றப்பட்டிருக்கிறது. (அவர்கள் செய்த ஒரே பரிசோதனை அதுதான் போலும்.) 55 என்றால் பட்டியல் முடிந்தது. 11தான் குற்றவாளி: என்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. அந்த சிக்னல் நின்றால் எப்போது தீப்பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என்ஜின் அணையாமல் என்ன செய்யும்? குனிந்து பார்த்தால், அந்த சென்சாரின் ஒயர் எக்ஸாஸ்ட் குழாயில் உரசி, மேலுறை உருகிக் கிடக்கிறது. அவர்கள் மாற்றிய மூன்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கு ஒரு மாதச் சம்பளம்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஸ்கேனரைச் செருகும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். சென்சாரைக் குறை சொல்லும் முன் ஒயரையும் கனெக்டரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சார் என்று சொன்னால் முதலில் எக்ஸாஸ்ட் கசிவைத் தேடச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன். முதலாளி வந்துவிட்டாரா என்று இன்னொரு முறை போன் செய்ய வேண்டும்.