கொடைக்கானல் ‘பன்னிரண்டு பாயிண்ட்’ வேன்: காடெல்லாம் காட்டினார்கள், ஊரைக் காட்டவில்லை

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே “சைட் சீயிங்கா சார், பன்னிரண்டு பாயிண்ட், சாயந்தரம் லேக்கில் விட்டுடுறோம்” என்று ஆள் வந்து நிற்பார். அப்படி ஒரு வேனில்தான் குடும்பத்தோடு போனோம். யாருடைய வண்டி என்பது முக்கியமில்லை, விசாரித்த வரையில் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட், பிரையன்ட் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோயில். வண்டி சுத்தம். டிரைவர் அண்ணன் தங்கமான மனிதர், வளைவுகளில் நிதானமாக ஓட்டினார், அம்மா மெதுவாக ஏறி இறங்கும் வரை முகம் சுளிக்காமல் காத்திருந்தார். வாங்கிய காசுக்கு அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் நாள் முழுக்கச் சுற்றியும் இந்த ஊர் எப்படி உண்டானது என்று ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

வெள்ளி நீர்வீழ்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஏறும்போது எல்லா வண்டியும் அங்கே நிற்கும், போட்டோ எடுப்போம், சோளம் வாங்குவோம், கிளம்பிவிடுவோம். அங்கே கொட்டுவது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஏரியும் தானாக அமைந்ததில்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது அது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்கிறார்கள். ஆட்களையே டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மலையேறிய காலம், அதில் ஒரு படகு எப்படி ஏறியிருக்கும்!

அதற்கும் முன்பே, 1845-ல், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே இரண்டு பங்களா கட்டிவிட்டார்கள். சமவெளியின் வெயிலும் நோயும் தாங்காமல் முதலில் சிறுமலையைத்தான் முயன்று பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை, அப்புறம்தான் இந்த மலை. 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வெளியே நின்று கல் கட்டடங்களைப் பார்க்கலாம்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பத்தே நிமிடம் கொடுத்தார்கள். 1936-ல் இதைக் கட்டியவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி இராமநாதன், ஆஸ்திரேலியாவில் பிறந்து இந்து சமயத்துக்கு வந்த அம்மையார். இதைத் தெரிந்துகொண்டு முருகன் முன்னால் நிற்பதும், தெரியாமல் நின்றுவிட்டு வருவதும் ஒன்றா? அங்கிருந்து மேகம் விலகினால் பழனி மலையும் தெரியும், அதற்குக் காத்திருக்கவாவது நேரம் வேண்டாமா?

சூரிய வானாய்வகம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது, அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாக 1899-ல் வந்த இடம் இது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகமெங்கும் இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். போவதாக இருந்தால் பார்வை நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கால்டுவெல். தமிழ் படித்த யாருக்கும் இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் 1891-ல் காலமானது இதே ஊரில்தான், பிறகு இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள். ஊரே நினைவில் வைத்திருக்க வேண்டிய இந்தச் செய்தியை வேனில் ஒருவரும் சொல்லவில்லை, கோக்கர்ஸ் வாக்கில் இறக்கிவிட்டபோதும் “சீக்கிரம் வந்துடுங்க” மட்டும்தான். 1872-ல் போட்ட நடைபாதை அது, அவசரமாக நடக்க வேண்டிய இடமே இல்லை.

என் யோசனை இதுதான். தூரத்து இடங்களுக்கு மட்டும் அரை நாள் வேன் பேசிக்கொள்ளுங்கள், பேரம் பேசினால் ஒத்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலை ஏரியைச் சுற்றி நடந்து, கோக்கர்ஸ் வாக், 1866-ல் கட்டிய சலேத் மாதா கோயில் என்று உங்கள் போக்கில் போங்கள். நேரமிருந்தால் ஆட்டோ பிடித்துச் செண்பகனூர் அருங்காட்சியகம், மலையின் பெருங்கற்காலப் புதைகுழிகள் பற்றி அங்கே தெரிந்துகொள்ளலாம். மே மாதம் மட்டும் வேண்டாம், ஏரிச் சாலையில் நடக்கவே இடம் இருக்காது.