மொரிஸ் மைனர் பிக்கப்புக்குப் புது மட்காட்: மாரி கழிந்த பிறகு எழுதுவது

சாவகச்சேரியில் இருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், என்ர மைனரின்ர முன் மட்காட்டைக் கறள் திண்டு முடிச்சிட்டுது. புதுசு வாங்கவோ, பழசை ஒட்டவோ, இல்லாட்டி ஃபைபர் போடவோ?" போனில் பதில் சொல்லத் தொடங்கினேன், கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

என்னுடையது 1950களின் கடைசியில் வந்த மைனர் 1000 பிக்கப். என் கைக்கு வரும்போதே பழைய 948 சிசி என்ஜின் அதில் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக் கார்கள் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. அந்த என்ஜினும் அப்படி ஓடித்தான் முடிந்தது என்றார் விற்றவர். இப்போது உள்ளே இருப்பது நிசான் ஏ12 என்ஜின். முன்னுக்கு டிஸ்க் பிரேக், றிம் கொஞ்சம் அகலம். பின் பெட்டியில் வெங்காயமும் கரட்டும் ஏற்றிக்கொண்டு உரும்பிராயிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் வாகனம் இது. காட்சிக்கு வைக்கிற கார் இல்லை.

இடது மட்காட் போன காரணம் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். முன் சக்கரத்தின் கீழ் ட்ரனியனுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் மரை மூட்டுக்கு, ஆண்டுக்கணக்காகக் கிறீஸ் அடிக்காமல் விட்டிருந்தார்கள். மரை தேய்ந்து கழன்றது, சக்கரம் மடிந்தது, மட்காட் அப்படியே ரயரின் மேல் உட்கார்ந்தது. வாங்கிய கையோடு நடந்தது இது. நல்ல வேளை, வாசலில் திரும்பும்போது. டிங்கர் அண்ணை பழைய மட்காட்டில் ஒரு தட்டுத் தட்டினார், புட்டி பாளம் பாளமாக விழுந்தது. கீழ்ப் பாதியில் காந்தம் ஒட்டவே இல்லை.

புதிய மட்காட் கறுப்புப் பிரைமரோடு வந்தது. தகடு நல்லது, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். விரலால் அழுத்தினால் உள்வாங்காது. மேல் வளைவும் ஹெட்லைற்றைச் சுற்றிய உருட்சியும் பழையதைப் போலவே இருக்கின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் எது புதிது, எது பழையது என்று சொல்ல முடியாது.

கிட்டப் போனால்தான் வித்தியாசம். கதவுப் பக்கத்து விளிம்பின் வளைவு ஒரு சொட்டுப் பிழை. மேலே இடைவெளி சரியாக வந்தால் கீழே விரல் நுழையும். கீழே சேர்த்தால் மேலே கதவு உரசும். மைனர்க் கதவின் முன் விளிம்பு திறக்கும்போது மட்காட்டை ஒட்டித்தான் திரும்பும், அங்கே உரசினால் முதல் நாளே பெயின்ற் போய்விடும். அண்ணை எல்லா ஆணிகளையும் கையால் மட்டும் முறுக்கி விட்டு, முதலில் கதவைப் பார்த்தார், அப்புறம் பொனற், கடைசியில் கிறில் பக்கம். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. கதவு அசையாது, மட்காட்தான் அதற்கு இசைய வேண்டும். துளைகளை அரத்தால் நீட்டினார், கதவுத் தூண் பக்கத்தில் மெல்லிய தகட்டு வாசர்கள் வைத்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், திரும்பவும் கழற்றினார். பெயின்ற் அடிக்க முன்னர் இதையெல்லாம் செய்தே ஆக வேண்டும். அடித்து முடித்த மட்காட்டைக் கொண்டுவந்து பூட்டச் சொன்னால் அந்தக் கராஜுக்குப் போகாதீர்கள்.

லைற் விஷயமும் உண்டு. 1963இன் பிற்பகுதியில் மைனருக்குப் பெரிய சைட் லைற் வந்தது. என்னுடையதில் அதற்கு முந்திய சின்ன லைற். அனுப்பியவரிடம் வண்டியின் ஆண்டை எழுத்தில் கொடுத்திருந்தும் பெரிய லைற்றுக்கு வெட்டிய மட்காட்டே வந்தது. கேட்டால், "எல்லாம் ஒன்றுதான்" என்றார். ஒன்றில்லை. தகடு வைத்து ஒட்டித் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது. அகலமான றிம்முக்காக உள் விளிம்பை மடக்கியது என் வாகனத்துக்கான வேலை, அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் மறந்துவிடலாம். என்னால் மறக்க முடியாதது பின் கீழ் மூலை. சக்கரம் அள்ளி எறியும் சேறு மட்காட்டின் உள்ளே பின்னுக்குப் போய், கதவுத் தூணின் அடியில் தங்கும். மைனரின் பழைய வருத்தம் இது, புது மட்காட்டால் வந்ததில்லை. ஆனால் தூணோடு சேரும் மடிப்பு தட்டையாக இருந்தால் இடையில் றப்பர் வைத்து அடைத்துவிடலாம். புதியதில் அந்த மடிப்பு லேசாக முறுகியிருக்கிறது. மேல் ஆணியை இறுக்கினால் கீழே வாய் திறக்கும். றப்பர் வைத்தோம், சிலிக்கன் அடித்தோம். கார்த்திகை மழையில் உரும்பிராய்ச் செம்மண் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மாரி முடிந்து பார்த்தபோது கதவுக்கு முன்னால், கீழே, பெயின்ற்றில் பயறு அளவில் கொப்புளம். நகத்தால் கீறினால் உள்ளே மண்ணிறம். மட்காட்டைக் கழற்றினோம். மூலையில் ஒரு கைப்பிடி செம்மண், வெளியே வெயில் கொளுத்தியும் அது ஈரமாகவே இருந்தது. அரத்தால் நீட்டிய துளையின் ஓரத்திலிருந்து கறள் தொடங்கியிருந்தது. கடற்காற்று வீசும் ஊரில் ஈரமண்ணைத் தகட்டோடு சேர்த்து வைத்தால் வேறென்ன நடக்கும்! வெளியில் எத்தனை பூச்சுப் பெயின்ற் அடித்தும் பிரயோசனம் இல்லை, தகடு உள்ளிருந்துதான் போகிறது.

ஆனால் அதே நாளில்தான் இந்த வாகனத்தின் மேல் எனக்கு மதிப்பும் கூடியது. முன் மட்காட் ஆணியில் நிற்கிறது, ஒட்டிய தகடு இல்லை. பொனற்றைத் திறந்து மேல் வரிசை, கிறில் பக்கம், தூண் பக்கம், பிறகு லைற் வயர், அவ்வளவுதான் வேலை. தேத்தண்ணி ஆற முன்னர் மட்காட் நிலத்தில் இருந்தது. புது ஆணிகளுக்குக் கிறீஸ் பூசிப் போட்டிருந்ததால் ஒன்றும் முறியவில்லை. இன்றைய கார்களில் இப்படி உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா? மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1948இல் கொண்டுவந்த வண்டி இன்னும் ஒழுங்கைகளில் ஓடுவதற்கு இந்த ஆணிகளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். 50களில் பிரித்தானியத் தபால் வான்களாக ஓடிய மைனர்களுக்கு முன் மட்காட் றப்பரில் இருந்தது, ஹெட்லைற் மேலே தனியாக நிற்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான்.

ஃபைபர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கறள் பிடிக்காது. லைற்றுக்குத் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும், கல் பட்டால் வெடிக்கும். சந்தைக்கு ஓடும் வாகனத்துக்கு வேண்டாம்.

சரி, நண்பனுக்கு என் பதில். மட்காட் நல்ல தகடு, நல்ல உருவம், ஆனாலும் வாங்காதே. உன்னுடைய பழைய மட்காட்டின் மேல் பாதி உயிரோடு இருந்தால் கீழ்ப் பாதியை வெட்டிப் புதுத் தகடு ஒட்டு. அந்த மடிப்பு உன் கதவுத் தூணோடு பிறந்தது, அதைப்போல எதுவும் உட்காராது. கூலி கூடத்தான் வரும், கொடு.

எனது வலது மட்காட்டிலும் கறள் தெரிகிறது. சுரண்டிப் பார்த்தேன், அதுவும் முழுக்கப் புட்டி, ஒட்டுவதற்கு மேல் பாதியும் இல்லை. அதே மட்காட்டையே இன்னொரு பக்கத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை வேறு ஆளிடம். சின்ன லைற்றுத் துளையைப் படம் எடுத்து அனுப்பினால்தான் காசு. வந்ததும் அண்ணை முதலில் அந்த மடிப்பை மேசையில் போட்டுத் தட்டி நேராக்குவார், பிறகுதான் கதவுப் பக்கம் போவார்.