மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்: நாட்டுக்கு நாடு மாறும் நிபந்தனை

கொலை, சித்திரவதை, அடிமைப்படுத்துதல், நாடு கடத்துதல் என்று குற்றங்களின் பட்டியலில் சட்டத்துக்குச் சட்டம் பெரிய வித்தியாசம் கிடையாது. சண்டையெல்லாம் பட்டியலுக்கு வெளியேதான். ஒரு கொலை எப்போது வெறும் கொலையாக இல்லாமல் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகிறது? இதற்கு ஒவ்வொரு சட்டமும் ஒரு நிபந்தனை வைக்கிறது. வழக்கு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

நாஜித் தலைவர்களை விசாரிக்க எழுதிய 1945 நியூரம்பெர்க் சாசனம் போரோடு தொடர்பு வேண்டும் என்றது. அதனால் 1939க்கு முன் ஜெர்மனிக்குள்ளேயே யூதர்களுக்கு நடந்த கொடுமைகளைப் பொதுவாக இந்தக் குற்றத்துக்குள் சேர்க்க முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. 1993இல் யுகோஸ்லாவியாவுக்கு அமைத்த தீர்ப்பாயமும் ஆயுத மோதலைக் கேட்டது. அடுத்த ஆண்டு ருவாண்டாவுக்கு அதை விட்டுவிட்டு, இனம், மதம் போன்ற பாகுபாட்டுக் காரணத்தைக் கேட்டார்கள்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சாசனம் இந்த இரண்டையும் பொது நிபந்தனையிலிருந்து எடுத்துவிட்டது. குடிமக்கள் மீது பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் நடக்க வேண்டும், அது நடப்பது குற்றவாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் தாக்குதலுக்குப் பின்னால் ஓர் அரசின் அல்லது அமைப்பின் கொள்கை இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எது அமைப்பு? கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறை பற்றி அந்த நீதிமன்றம் எடுத்த 2010 முடிவில், அரசைப் போன்ற தன்மையாவது வேண்டும் என்று நீதிபதி ஹான்ஸ் பீட்டர் கவுல் மாறுபட்டார். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை.

கொள்கையைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை. 1985இல் கிளாவுஸ் பார்பி வழக்கில், 'கருத்தியல் மேலாதிக்கக் கொள்கை', அதாவது தன் சித்தாந்தமே எல்லோரையும் ஆள வேண்டும் என்ற கொள்கை, கொண்ட அரசின் பெயரால் செய்த குற்றம் என்று உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரையறுத்தது. நாஜி அதிகாரி பார்பிக்குப் பொருந்திய அந்த அளவுகோல், பிரெஞ்சுத் துணைப்படையைச் சேர்ந்த பால் தூவியே விஷயத்தில் இடித்தது. 1944 ஜூனில் லியோன் அருகே 7 யூதர்களைச் சுட்டுக்கொல்ல வைத்தவர் அவர். ஜெர்மனியோடு ஒத்துழைத்த அன்றைய பிரெஞ்சு அரசான விஷி அரசுக்கு அப்படிப்பட்ட கொள்கை கிடையாது என்று 1992இல் பாரிஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்மன்றம் அந்தக் கொலைகளுக்காக மட்டும் வழக்கை உயிர்ப்பித்தது, அதுவும் ஜெர்மானியர்களின் தூண்டுதலால் நடந்தது என்ற வழியில்தான். 1994இல் ஆயுள் தண்டனை. தன் நாட்டு அரசுக்காக மட்டும் கொன்றிருந்தால் தப்பியிருப்பார்! சட்டத்தை எழுதியவர்கள் இதையா நினைத்திருப்பார்கள்?

வங்கதேசத்தின் 1973 மூலச் சட்டம் இதற்கு நேர் எதிராக இருந்தது. பரவலான, திட்டமிட்ட என்ற சொற்களே அதில் இருக்கவில்லை. குடிமக்களுக்கு எதிரான கொலை என்பதே போதுமாக இருந்தது, தண்டனையோ தூக்குவரை போனது. 1971 விடுதலைப் போர்க்காலக் குற்றங்களுக்காக 2013இல் ஜமாத்-இ-இஸ்லாமி தலைவர் அப்துல் காதர் மொல்லா தூக்கிலிடப்பட்டார். வாசல் இவ்வளவு அகலமாக இருந்ததும் எனக்கு உறுத்தல்தான்.

என் ஓட்டு 2002 ஜெர்மன் சட்டத்துக்கு. பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலைக் கேட்கிறது, கொள்கை என்ற நிபந்தனையை எழுதவில்லை. குற்றம் எங்கே நடந்தாலும் செல்லும். சிரியா ரோம் சாசனத்தில் சேராத நாடு, ஆனாலும் அதன் உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

இந்தியாவில் ஒப்பிடவே ஒன்றும் இல்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, இந்தக் குற்றம் நம் சட்டத்தில் இல்லாத ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முரளிதர் எழுதினார். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை.

இலங்கையும் ரோம் சாசனத்துக்கு வெளியே. இறுதிப் போரில் இத்தகைய குற்றங்கள் நடந்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. ஆனால் கொழும்பில் வழக்குப் போட்டால் சாதாரணக் கொலைப் பிரிவுதான் கைக்கு எட்டும். இந்தக் குற்றத்தின் பெயரிலேயே வழக்கு வேண்டுமென்றால் ஜெர்மனி போன்ற நாடுகளைத்தான் பார்க்க வேண்டும், நடைமுறையில் அதற்கும் குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மண்ணில் வந்து இறங்கினால்தான் உண்டு.