திறக்கும்போதே அலகா, திறந்தபின் அளவு மாற்றமா?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவை (உள்முற்றப் பகுதியை) அங்குலத்தில் வரைந்த டிஎக்ஸ்எஃப் என்ற கணினி வரைபடக் கோப்பை மில்லிமீட்டர் மென்பொருளில் திறந்தேன். எட்டு அங்குல ஆத்தங்குடித் தரைக்கல் எட்டு மில்லிமீட்டராகச் சுருங்கிக் கிடந்தது. பத்தடித் தூண், சற்றே தேய்ந்த பென்சில் உயரத்தில் நின்றது.

இறக்குமதி செய்யும்போதே 'அங்குலம்' என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருளே 25.4 ஆல் பெருக்கிக்கொள்ளும். முடிந்தவரை நான் செய்வது இதைத்தான். திருத்திய கோப்பு மறுபடி வந்தாலும் வேலை அவ்வளவே.

திறந்தபின் அளவை மாற்றுவது, அலகு தெரியாத கோப்புகளுக்கு. எஸ்டிஎல் என்ற முப்பரிமாணக் கோப்பில் அலகே இருக்காது. டிஎக்ஸ்எஃபில் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் என்ற குறிப்பு உண்டு. வரைந்தவர் அதைச் சரியாக வைத்திருந்தால்தானே! ஆட்டோகேட் வரைபட மென்பொருளில், அளவை மாற்றும் ஸ்கேல் கட்டளையின் ரெஃபரன்ஸ் வசதியில் இரு முனைகளைக் காட்டி, உண்மையான நீளத்தைக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கல்லை நம்பி இதைச் செய்யாதீர்கள். கையால் வார்த்த கல் அது. 200 மில்லிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 20 மீட்டர் நீளத்தில் 100 மில்லிமீட்டர் பிசகும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நாடா பிடித்து அளந்த நீளத்தைக் கொடுங்கள். வரைபடத்தில் கையால் தட்டச்சு செய்த அளவு எண்கள் மட்டும் பழையபடியே நிற்கும். அவற்றைத் தனியே திருத்த வேண்டும்.