பெட்டியில் வந்த கடல்: முதல் உப்புநீர் மீன்தொட்டித் தொகுப்பு, 11 மாதங்களுக்குப் பிறகு

கடல்மீன் வளர்ப்புக்குப் புதியவர்களை மனத்தில் வைத்து விற்கப்படும் தொகுப்புத் தொட்டி ஒன்றை 11 மாதங்களுக்கு முன் வாங்கினேன். நன்னீர் மீன்களை ஏழெட்டு ஆண்டுகள் வளர்த்த பழக்கம் இருந்ததால், அதே வேலைதான், உப்பு மட்டும் கூடுதல் என்ற அலட்சியம் எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி, பின்புறம் கறுப்புத் தடுப்புக்கு அப்பால் மூன்று அறைகள், அவற்றில் வடிகட்டும் பஞ்சு, நுரையெழுப்பிக் கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், ஹீட்டர், நீரேற்றும் பம்ப், மேலே எல்.இ.டி. விளக்கு, கூடவே 2 கிலோ உப்புக் கலவை, ஒரு புட்டி பாக்டீரியா திரவம், நீரின் உப்பளவைக் காட்டும், முள் அசையும் ஹைட்ரோமீட்டர், ஒரு கையேடு. தொட்டியைக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குறைகளெல்லாம் அதனுடன் வந்த சில்லறைப் பொருள்களிலும், அவற்றைவிட அந்தக் கையேட்டிலும்தான் இருக்கின்றன.

கண்ணாடி ஒட்டிய விதம் சுத்தமாக இருக்கிறது. மூலைகளில் சிலிக்கான் பிதுங்கவில்லை, பம்பின் ஓசை அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. நீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப்படலம் தடுப்பின் பல்வரிசை வழியாகப் பின்னறைக்குள் வழிந்துவிடுவதால், மேல்மட்டம் எப்போதும் தெளிவாக இருக்கிறது. மின்சாரம் நின்றால் எவ்வளவு நீர் பின்னறைக்கு இறங்கும் என்பதை முதல் நாளே பம்பை நிறுத்திப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழேயே நின்றது.

உப்பில் தொடங்குகிறது சிக்கல். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, என் தொட்டிக்கு 82 லிட்டர் நீர் பிடித்தது. கடலின் அளவான 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புத்தன்மைக்கு வர, லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம் கலவை வேண்டும். அதாவது 3 கிலோ. உடன் வந்த 2 கிலோ பொட்டலத்தில் 54 லிட்டருக்கு மேல் கலக்க முடியாது. தொட்டியின் அளவை அறிந்து தயாரித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது. நீரைப் பற்றிக் கையேடு சொல்வது "குளோரின் நீக்கிய குழாய்நீர்" என்ற ஒரு வரி மட்டுமே. குழாய்நீரில் வரும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்குத் தீனியாகும். செம்பு கலந்திருந்தால் நத்தையும் இறாலும் பிழைக்கா. ஆர்.ஓ. சவ்வையும் அதன்பின் அயனி நீக்கும் பிசினையும் கடந்து, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரே இதற்கு ஏற்றது. வீட்டுக் குடிநீர்க் கருவியிலிருந்து வரும் நீரில் தாதுக்கள் மிச்சமிருக்கும் என்பதால் அதை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது.

ஹைட்ரோமீட்டர் என்னை மூன்று வாரங்கள் ஏமாற்றியது. அதன் பிளாஸ்டிக் முள்ளில் கடுகளவுக் காற்றுக்குமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் முள் மேலே எழும்பி, உள்ளதைவிட அதிக உப்பைக் காட்டும். ஒப்படர்த்தி (தூயநீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 என்று நான் நம்பிக்கொண்டிருந்த நீரை, ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும், பிறகு வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டர் 1.021 என்று காட்டியது. அந்தக் கருவியையும் 35 பி.பி.டி. திட்டக் கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். மீன் இன்னும் வராத நாள்கள் என்பதால் இழப்பு ஏதுமில்லை.

மீன் ஏன் வரவில்லை என்பதே கையேட்டின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை. பாக்டீரியா திரவத்தை ஊற்றி ஏழாம் நாள் மீனை விடலாம் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். பாறையின் நுண்துளைகளில் இவை பெருகி நிலைபெற வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல் பங்காக நிற்கிறது. ஆகையால் நன்னீரில் தப்பிப் பிழைக்கும் அவசரம் இங்கே மீனைக் கொன்றுவிடும். நான் மீன் இல்லாமலே அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியா அளவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஏழாம் நாள் சோதனைக் குழாயில் அம்மோனியா சோதனைத் திரவத்தின் சொட்டுகள் விழுந்ததும் நீர் பச்சையாகவே மாறியது. மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் இன்னும் இருக்கிறது என்று பொருள். நைட்ரைட் 17ஆம் நாள் உச்சத்துக்குப் போயிற்று. மீண்டும் 2 பி.பி.எம். அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்துக்குள் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தது 34ஆம் நாள்தான். (குழாயின் நிறத்தைத் தொட்டியின் நீல விளக்கடியில் வைத்துப் பார்க்கக் கூடாது, மஞ்சளும் பச்சையாகத் தெரியும். சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.) திரவம் வீண் என்று சொல்லமாட்டேன், அது இல்லாமல் இன்னும் சில நாள்கள் கூடியிருக்கலாம். ஆனால் ஏழு நாள் என்ற வாக்குறுதியை நம்பியிருந்தால் முதல் மீனை நானே கொன்றிருப்பேன்.

அமைத்த பிறகு அன்றாடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் குறை, பம்ப் இருக்கும் மூன்றாம் அறையின் சிறுமை. முன்பகுதியின் நீர்மட்டத்தைத் தடுப்பு நிலைநிறுத்திவிடுவதால், ஆவியாகும் நீரின் குறைவு முழுவதும் இந்த அறையிலேயே தெரியும். அறை 12 செ.மீ.க்கு 10 செ.மீ. மட்டுமே, ஒரு லிட்டர் ஆவியானால் மட்டம் 8 செ.மீ. இறங்கிவிடுகிறது, என் தொட்டியில் நாளொன்றுக்கு ஆவியாவதும் ஏறத்தாழ அந்த ஒரு லிட்டர்தான். இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது பம்ப் காற்றை உறிஞ்சி, தொட்டி முழுதும் சோடா திறந்தாற்போல் பொடிக்குமிழ்கள் நிறைந்திருந்தன. ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீர் ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். இதைத் தானே செய்யும் நீர்நிரப்பி ஒன்றைப் பொருத்திய பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. தொகுப்பில் விளக்குக்குச் செலவிட்டதில் கொஞ்சத்தைக் குறைத்து இதைச் சேர்த்திருக்கலாம்.

மணலைப் பரப்பி அதன்மேல் பாறையை அடுக்கச் சொல்கிறது கையேடு. அப்படிச் செய்யாதிருந்தது என் அதிர்ஷ்டம். பாறையை அடிக்கண்ணாடியில் நேராக அமர்த்திப் பிறகு மணலைச் சுற்றிலும் போட்டேன். ஐந்தாம் மாதம் ஒரு கோபி மீனும் அதன் கூட்டாளியான பிஸ்டல் இறாலும் வந்தன. பார்வை மங்கிய அந்த இறால் நாள் முழுதும் புல்டோசர்போல் மணலை அள்ளி வெளியே தள்ளுகிறது. ஓர் உணர்கொம்பை மீனின் உடம்பில் வைத்தபடியே வேலை செய்கிறது, மீன் வாலைச் சிலிர்த்தால் இரண்டும் வளைக்குள் மறைகின்றன. பாறைக்கு அடியில் இப்போது பெரிய சுரங்கமே இருக்கிறது. மணல்மேல் அடுக்கியிருந்தால் பாறை என்றோ சரிந்து இறாலை நசுக்கியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டரில் 25 டிகிரி வைத்தால் நீர் 27.5 டிகிரிக்குப் போகிறது. தனி வெப்பமானி கட்டாயம் வேண்டும். ஸ்கிம்மர் முதல் வாரம் நுரையைக் கொப்பளித்துத் தொல்லை கொடுத்தது, பிறகு படிந்துவிட்டது. தேநீர் நிறத்தில் துர்நாற்றமடிக்கும் திரவத்தை வாரம் ஒரு கிண்ணம் சேர்த்துத் தருகிறது. பஞ்சை மூன்று நாளுக்கொருமுறை அலசாவிட்டால் அழுக்கு அதிலேயே மட்கி நைட்ரேட்டை ஏற்றுகிறது. வாரம் 10 விழுக்காடு நீரை மாற்றுகிறேன். இரண்டாம் மாதம் மணலில் படர்ந்த பழுப்பு டயாட்டம் பாசி, நான் எதுவும் செய்யாமலே ஒரு மாதத்தில் அடங்கியது. விளக்கு மென்பவளங்களுக்குத் தாராளமாகப் போதும். தொட்டிக்கு மூடி இல்லை. கோபி துள்ளும் இனம் என்பதால் வலைச்சட்டம் ஒன்றை நானே செய்து போட்டேன்.

மொத்தத்தில், தொட்டியை மட்டும் தனியாக விற்றால் தயங்காமல் பரிந்துரைப்பேன். தொகுப்பாக வாங்குபவர்கள் ரிஃப்ராக்டோமீட்டர், தூயநீர்க் கருவி, நீர்நிரப்பி, கூடுதல் உப்பு ஆகியவற்றுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி, ஓர் இறால், சில நத்தைகள் என்பதோடு இதன் கொள்ளளவு முடிந்துவிடுகிறது. பெட்டியின் மேல் அழகாக அச்சிட்டிருக்கும் நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளரும், பின்னறைகள் போக இந்தத் தொட்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் இருப்பது 32 செ.மீ.