சான்றிதழ்ப் பிழை: சரிபார்ப்பை நிறுத்துவதா, சங்கிலியை முழுமையாக்குவதா?

மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் அலுவலகம் ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த பைத்தான் நிரல், மாலைதோறும் பில்களை மின்னஞ்சலில் அனுப்பும். ஒருநாள் அது ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’ என்று நின்றுவிட்டது; மெயில் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் மின்னணுச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். அதே கணினியில் அவுட்லுக் வழியாக மட்டும் மெயில் போனது.

அந்தச் சர்வரை, மறையாக்க இணைப்புகளைக் கையாளும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் கட்டளையால், மெயில் அனுப்பும் 587ஆம் போர்ட்டில் சோதித்தபோது, அது தன் சான்றிதழை மட்டும் நீட்டியது. அதற்குக் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழைக் காணவில்லை. சர்வரின் சான்றிதழை, கணினி ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் சங்கிலியின் நடுக்கண்ணி அது. விடுபட்டதை விண்டோஸ் தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பைத்தான் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் அப்படித் தேடிப் போவதில்லை.

“செக்கிங்கை எடுத்துடுங்க சார், பில்லு போனா போதும்” என்றார் கணக்காளர். ஒரே வரியில் முடியும் வேலைதான். ஆனால் அதன் பிறகும் இணைப்பு மறையாக்கப்பட்டே இருக்கும் என்பதால் பாதுகாப்பாகத் தோன்றினாலும், மறுமுனையில் இருப்பது யார் என்பது தெரியாமலேயே மெயில் கடவுச்சொல்லை ஒப்படைத்துவிடுகிறோம். பலர் அறியாமலும் இதைச் செய்கிறார்கள்: பைத்தானின் மெயில் அனுப்பும் நூலகமான எஸ்எம்டிபிலிப்பில், இணைப்பை மறையாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் அழைப்புக்குக் கான்டெக்ஸ்ட் (சரிபார்ப்பு அமைப்புகள்) கொடுக்காவிட்டால், சான்றிதழ் சரிபார்க்கப்படுவதே இல்லை. அந்தச் சொல்லை நீக்கியதும் பிழை மறைந்தது என்று மகிழ்வது, புகை வருகிறதென்று அலாரத்தைக் கழற்றுவதற்குச் சமம்.

இரண்டாவது வழி, விடுபட்ட இடைநிலைச் சான்றிதழை ஒரு கோப்பில் வைத்து நிரலுக்குக் காட்டுவது. சரிபார்ப்பு உயிரோடிருக்கும், பில்லும் அன்றைக்கே போகும். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களின் 90 நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போது இடைநிலையும் மாறக்கூடும் என்பதால், இதை ஒட்டுப்போட்ட டயராகவே கருத வேண்டும்.

உண்மையான தீர்வு சர்வரில்தான்: சான்றிதழ் பெற்றுத் தரும் செர்ட்பாட் மென்பொருளின் கோப்புகளில், சர்வர் சான்றிதழ் மட்டுமே உள்ள செர்ட்.பெம்முக்குப் பதில், இடைநிலையும் சேர்ந்த ஃபுல்செயின்.பெம்மைச் சுட்ட வேண்டும். சங்கடம், சர்வர் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருப்பதால் அது நம் கையில் இல்லை.

பெயர் பொருந்தவில்லை என்ற பிழைக்கு இவை எதுவும் உதவாது; ஐபி எண்ணை விடுத்து, சான்றிதழில் உள்ள பெயரையே நிரலில் எழுத வேண்டும். ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள்.

நான் இரண்டாவது வழியில் அன்றைய பில்களை அனுப்பிவிட்டு, ஓபன்எஸ்எஸ்எல் வெளியீட்டை இணைத்து ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் சங்கிலியை முழுமையாக்கிய அன்றே அந்தக் கோப்பை அழித்தேன்.