விண்கல்லின் கரியைப் படிக்க எந்த ஒளி? இராமன், செங்கீழ், எக்ஸ்-கதிர்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் கற்பிக்கும் எனக்கு, அடுப்புக் கரியும் பென்சிலின் காரீயமும் ஒரே காபன்தான் என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வந்து சேரும். 1969 செப்டெம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம் காபனைக் கொண்ட அக்கல்லின் சேதனப் பொருளிற் பெரும்பகுதி, வழக்கமான கரைப்பான்களில் கரையாத கறுப்புத் திணிவு என்பதால், அதனைக் கதிர்களைக் கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1928 இல் கண்டறிந்த சிதறலை, அதாவது பொருளிற் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறுபகுதி அலைநீளம் மாறி வருவதைப் பயன்படுத்தும் முறைக்கு ஒரு சிறு துகளே போதும். கனியங்களிலிருந்து காபனைப் பிரித்தெடுக்கவும் தேவையில்லை. காபனின் இராமன் திருசியத்தில் (நிறமாலையில்) அலையெண், அதாவது ஒரு சென்ரிமீற்றரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, 1350 அளவில் ஒழுங்கின்மையைக் காட்டும் டி பட்டையும், 1580 முதல் 1600 வரையில் காபன் தளங்களின் அதிர்வைக் காட்டும் ஜி பட்டையும் தோன்றும். பாலை விறகின் கரியில் இவ்விரண்டும் அகன்று ஒன்றுடன் ஒன்று கலந்து கிடக்கும். போகலச் சுரங்கத்துக் காரீயத்திலோ ஜி பட்டை ஊசிபோல் ஒடுங்கி எழும். மேர்ச்சிசனின் திருசியம் கரியின் பக்கம் நிற்க, அதே வருடம் பெப்ரவரியில் மெக்சிக்கோவில் விழுந்த அயெண்டேயின் டி பட்டை ஒடுங்கியிருப்பது, அது உடைந்து வந்த தாய்க்கோள் கூடுதலாகச் சூடேறியதைக் காட்டுகிறது. வெப்ப வரலாற்றை அறிய இதனிலும் எளிய முறையை நான் அறியேன்.

ஆயினும் இராமன் காண்பது அரோமற்றிக் வளையங்களின், அதாவது பென்சீன் போன்ற காபன் வளையங்களின் எலும்புக்கூட்டையே. அதிற் தொங்கும் சங்கிலிகளையும் ஒட்சிசன் கூட்டங்களையும் காட்டுவது செங்கீழ்க் கதிர், அதாவது அகச்சிவப்புக் கதிர். அலையெண் 2960 இல் சங்கிலியின் முனையிலுள்ள மெதைல், 2925 இல் அதன் நடுவிலுள்ள மெதிலீன், 1700 இல் ஒட்சிசனைக் கொண்ட காபனைல் என உறிஞ்சல்கள் தனித்தனியே தெரிவதால், முதலிரண்டின் விகிதத்திலிருந்து சங்கிலிகள் எவ்வளவு குட்டையானவை, எவ்வளவு கிளைத்தவை என ஊகிக்கலாம். இதற்குரிய விலையும் பெரிது. சிலிக்கேற்றுகளின் வலிய உறிஞ்சலை அகற்ற ஆபத்தான ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டும். ஈரமும் 3400, 1640 ஆகிய இடங்களில் குறுக்கிடும். வன்னியின் மாரி காலத்தில் மாதிரியைக் கலந்து அழுத்திப் பொற்றாசியம் புரோமைட்டு வில்லை செய்ய முயன்றவர்களுக்கு அந்தத் தொல்லை நன்கு தெரியும்.

மூன்றாவது, காபனின் 285 இலத்திரன்வோல்ற்று விளிம்பை, அதாவது காபன் எக்ஸ்-கதிரை உறிஞ்சத் தொடங்கும் சக்தியை, ஆராயும் எக்ஸ்-கதிர் உறிஞ்சல். அரோமற்றிக் காபனை 285 இலும் காபொட்சைலை 288.5 இலும் பிரித்துக் காட்டுவதோடு, அவை பாறையில் எங்கே கிடக்கின்றன என்பதையும் சில பத்து நனோமீற்றர் நுணுக்கத்தில் வரைந்து தரும். ஆனால் ஏறத்தாழ 100 நனோமீற்றர் தடிப்புள்ள சீவலும், இலத்திரன்களை வளையத்தில் வேகமாகச் சுழற்றி வலிய எக்ஸ்-கதிரைத் தரும் ஒத்தியக்கி (சிங்குரோட்ரன்) ஒன்றும் இதற்குத் தேவை. இலங்கையில் ஒத்தியக்கி இல்லை, அண்மையிலுள்ளது இந்தூரில் இருக்கிறது.

ஒரேயொரு முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் செங்கீழையே எடுப்பேன், ஏனெனில் கல் எவ்வளவு சூடேறியது என்பதைவிட அது எதனைச் சுமந்து வந்தது என்பதே எனக்கு முதற் கேள்வி. ஒரே துகளில் செங்கீழ், இராமன் இரண்டையும் செய்வதானாலும் செங்கீழே முந்தவேண்டும். இராமனுக்குரிய லேசர் கறுப்புத் துகளை எளிதிற் சூடாக்கிவிடும் என்பதால் அதன் வலுவை ஒரு மில்லிவாற்றுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் நாம் அளப்பது விண்கல்லின் வெப்ப வரலாறாக இராது, நாமே மூட்டிய சூடாக இருக்கும்.